பெட்டியைக் கேட்பவர்கள்

இங்கிலாந்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து வருகிற நண்பர் ஒருவரின் இல்லத்தில் ஒரு மாலைப்பொழுதைக் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பழைய ஒலிபெருக்கிகளைச் சேகரிப்பதும் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதும் பணி ஓய்வுக்குப் பின் அவர் மேற்கொண்ட முழுநேரத் தொழில். முன்னறையில் நாற்காலிகளைவிட ஒலிபெருக்கிப் பெட்டிகளே மிகுதி. சுவரோரமாக ஒன்பது இணைகள் நின்றன. ஒவ்வொன்றும் பிறந்த ஆண்டையும், பின்புறத்தில் பொறித்த வரிசை எண்ணையும், பேரக் குழந்தைகளின் பிறந்தநாளைச் சொல்பவர்போல அவர் தயங்காமல் சொன்னார்.

ஒரு பியானோ இசைத்தட்டைச் சுழலவிட்டு, முதல் அரை நிமிடத்தை ஓர் இணையில் கேட்கச் செய்தார். பிறகு கம்பியை மாற்றி, அதே அரை நிமிடத்தை அடுத்த இணையில் கேட்கச் செய்தார். இப்படியே இரவு உணவு வரை சென்றது. அந்த இசை அரை நிமிடத்துக்கு அப்பால் எங்கே போகிறது, எப்படி முடிகிறது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அலமாரியின் கீழ்த்தட்டில் காலணி வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. அதில் இருபதுக்குக் குறையாத கேசட்டுகள். 1980களில் ஊரிலிருந்து அவருடைய தாயார் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியவை என்றார். அந்த அம்மையாருக்கு எழுதத் தெரியாது. அவர் மறைந்தும் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. “இவற்றை இந்த ஒலிபெருக்கிகளில் கேட்டதுண்டா?” என்று கேட்டேன்.

“இல்லை. அந்தப் பதிவுகளின் தரம் போதாது. இந்தப் பெட்டிகளில் போட்டால் இரைச்சல்தான் கேட்கும், பெட்டியின் அருமை தெரியாது” என்றார்.

நண்பர் அன்பற்றவர் அல்லர். தாயின் குரலை மறந்தவரும் அல்லர். மறந்திருந்தால் அந்த அட்டைப்பெட்டி அங்கே இருந்திருக்காது. ஆனால் அவர் சொன்ன அந்த விடை ஒரு தனிமனிதரின் விடையன்று. உலகெங்கும் பழைய ஒலிபெருக்கிகளைத் தேடி அலைந்து, வாங்கி, ஒப்பிட்டு, தரவரிசைப்படுத்தும் ஒரு பெருங்கூட்டத்தின் மனப்போக்கு அந்த விடையில் பேசியது. அந்த மனப்போக்கோடுதான் என் வழக்கு.

என் குற்றச்சாட்டு இதுதான்: குரலைக் கேட்பதற்காகச் செய்யப்பட்ட கருவியை வைத்துக்கொண்டு, இவர்கள் கருவியைக் கேட்கிறார்கள். பெட்டிக்கு அளவுகோல் மனிதக் குரல் என்றிருந்ததைத் தலைகீழாக்கி, குரலுக்கு அளவுகோல் பெட்டி என்று ஆக்கிவிட்டார்கள்.

எதற்காகப் பிறந்த பெட்டி?

நண்பர் தம் ஒன்பது இணைகளில் முதலிடம் கொடுத்திருந்தது பி.பி.சி. வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ என்னும் சிறு ஒலிபெருக்கிக்கு. ஓரடி உயரம், அதைவிடக் குறைந்த அகலம். புத்தக அலமாரியில் அடங்கிவிடும். பழைய ஒலிபெருக்கி அன்பர்களிடையே இதைப்போலப் புகழ்பெற்ற பெட்டிகள் மிகச் சிலவே. ஆகவே அதன் வரலாற்றையே சான்றாக எடுத்துக்கொள்வோம்.

ஒலிபெருக்கியின் அடிப்படை எளியது. 1925ஆம் ஆண்டு அமெரிக்கப் பொறியாளர்களான செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு அது பெரிதும் மாறவில்லை. காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள். அச்சுருளோடு ஒட்டிய ஒரு கூம்பு. மின்னோட்டம் ஏறி இறங்கும்போது சுருள் அசைகிறது, கூம்பு அசைகிறது, காற்று அசைகிறது. நம் செவி அதை ஒலியென அறிகிறது. தாழ்ந்த ஒலிகளுக்குப் பெரிய கூம்பும் உயர்ந்த ஒலிகளுக்குச் சிறியதும் வேண்டும். ஆகவே ஒரு பெட்டிக்குள் ஊஃபர், ட்வீட்டர் என இரண்டை வைத்து, ஒலிகளைப் பிரித்தனுப்ப இடையில் ஒரு மின்சுற்றை அமைக்கிறார்கள்.

1970களின் தொடக்கத்தில் பி.பி.சி.யின் ஆய்வுத்துறை, ஒலிப்பதிவு அரங்குகளை எட்டில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரிகளாகக் கட்டி, அவற்றுள் ஒலி எவ்வாறு பரவுகிறது என்று ஆராய்ந்து வந்தது. அந்தச் சின்னஞ்சிறு அரங்குகளுக்கென ஒரு சின்னஞ்சிறு ஒலிபெருக்கி தேவைப்பட்டது. அந்த முயற்சியிலிருந்து கிளைத்ததே இப்பெட்டி. நிலையத்துக்கு வெளியே சென்று நிகழ்ச்சிகளை ஒலிபரப்பும் ஊர்திகளில் இடம் குறைவு. பெரிய ஒலிபெருக்கியை வைக்க இயலாது. அங்கே அமர்ந்திருக்கும் பொறியாளர், தாம் அனுப்புகிற பேச்சும் இசையும் சரியாக இருக்கின்றனவா என்று உடனே அறிந்தாக வேண்டும். அதற்காகச் செய்த பணிக்கருவி இது. பெயரில் உள்ள ‘3’ என்னும் எண்ணே அது வெளிநிகழ்ச்சிக்குரியது என்பதைக் குறிக்கும். ஸ்டூடியோவுக்குரியவை ‘5’ என்று தொடங்கும்.

இதனைச் செய்தவர்கள் எதை உரைகல்லாகக் கொண்டார்கள்? பி.பி.சி. பொறியாளர்களின் மரபு பழையது. ஸ்டூடியோவில் ஒருவர் பேசுவார். அவர் குரலை நேரில் கேட்டுப் பழகியவர்கள் அடுத்த அறையில் ஒலிபெருக்கி வழியே கேட்பார்கள். ‘இது அவர்தாமா?’ என்பதே தேர்வு. பியானோவில் ஏமாறலாம், வயலினில் ஏமாறலாம். தெரிந்தவரின் குரலில் ஏமாறுவது கடினம். மார்பில் சற்றே கனம் கூடினாலும், மூக்கொலி சற்றே ஏறினாலும், ‘அவர் இப்படிப் பேசமாட்டாரே’ என்று செவி உடனே சொல்லிவிடும். தாய்மொழியைக் கற்பதற்கு முன்னரே நாம் கற்ற பாடம் அன்றோ அது?

இப்போது என் நண்பரின் விடையை மீண்டும் நினைத்துப் பாருங்கள். மனிதக் குரலைக் கொண்டே எடைபோடப்பட்ட பெட்டியின் முன், உலகிலேயே அவருக்கு மிக நன்றாகத் தெரிந்த குரல் தகுதியற்றதாக நிற்கிறது!

வேறுபாட்டை ஒழித்தவர்களும் தேடுபவர்களும்

பி.பி.சி. ஒரு பொது நிறுவனம். மக்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்தில் நடப்பது. அது ஒலிபெருக்கித் தொழிற்சாலை நடத்தவில்லை. தான் வடிவமைத்ததைச் செய்து தர வெளி நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கியது. ரோஜர்ஸ், சார்ட்வெல், ஆடியோமாஸ்டர், ஸ்பெண்டார், ஹார்பெத் முதலிய நிறுவனங்கள் இதனைச் செய்தன. கென்ட் மாவட்டத்தின் கெஃப் நிறுவனம் உள்ளிருக்கும் ஊஃபரையும் ட்வீட்டரையும் செய்து கொடுத்தது. யார் செய்தாலும் ஒலி ஒன்றுபோல இருக்க வேண்டும். ஓர் ஊர்தியில் உள்ளதை எடுத்துவிட்டு இன்னொரு நிறுவனம் செய்ததை வைத்தாலும் பொறியாளரின் தீர்ப்பு மாறக்கூடாது. இதற்காக மிக இறுக்கமான அளவு வரம்புகளை விதித்து, ஒவ்வொரு பெட்டியையும் சோதித்து அனுப்பச் செய்தார்கள்.

ஆனால் சேகரிப்பாளர்கள் செய்வது என்ன? எந்த வேறுபாட்டை ஒழிக்க அப்பொறியாளர்கள் உழைத்தார்களோ, அதே வேறுபாட்டைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறார்கள். ரோஜர்ஸ் இனியதா, சார்ட்வெல் இனியதா என்று ஆண்டுக்கணக்கில் வாதிடுகிறார்கள். தொடக்கத்தில் வந்தவை 15 ஓம் மின்தடை கொண்டவை. 1980களின் பிற்பகுதியில் திருத்தம் பெற்றவை 11 ஓம். இவ்விரண்டையும் இரு குலங்களாகப் பிரித்து, ஒரு குலத்தார் மறு குலத்தாரை ஏளனம் செய்கிறார்கள். இடப்பெட்டிக்கும் வலப்பெட்டிக்கும் அடுத்தடுத்த வரிசை எண் இருந்தால் விலை ஏறுகிறது. பெயர்ப்பட்டையின் நிறத்துக்கு ஒரு விலை. கூம்பின் முகத்தில் படர்ந்த வெண்மைக்கு ஒரு விலை.

வேறுபாடுகள் அறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. உறுப்புகள் காலப்போக்கில் மாறின. மரமும் பசையும் எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. சோதிக்கப்பட்டு வெளிவந்த நாளில் சிறியதாக இருந்த வேறுபாடு நாற்பது ஆண்டு முதுமையில் பெரிதாகியும் இருக்கலாம். ஆனால் அப்படியென்றால் இவர்கள் ஒப்பிடுவது இரண்டு வடிவமைப்புகளையா, இரண்டு முதுமைகளையா? ஒன்று வெயில்படும் சன்னலருகே நாற்பது ஆண்டு நின்றது. இன்னொன்று ஈரம் கசியும் நிலவறையில் கிடந்தது. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘ரோஜர்ஸின் குணம்’, ‘ஸ்பெண்டாரின் குணம்’ என்று தீர்ப்புரைப்பதை ஆய்வு என்று ஏற்க இயலாது.

கண் கேட்கும் ஒலி

“என் செவி சொல்கிறது, அது போதாதா?” என்பது இவர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்வி. செவி சொன்னால் போதும்தான். ஆனால் சொல்வது செவிதானா?

கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் பல ஆண்டுகள் இதனை ஆராய்ந்த ஃப்ளாய்ட் டூல் என்பவர், பின்னர் ஷான் ஆலிவ் என்பவரோடு சேர்ந்து 1994இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நாற்பது பேரை அமர்த்தி, நான்கு ஒலிபெருக்கிகளை முதலில் திரைக்குப் பின்னால் வைத்தும், பிறகு கண்ணுக்குத் தெரிய வைத்தும் கேட்கச் செய்தார்கள். அவர்கள் ஒலிபெருக்கி நிறுவனத்தைச் சார்ந்தவர்கள். இத்துறைக்குப் புதியவர்கள் அல்லர். திரை விலகியதும் மதிப்பெண்கள் மாறின. பெரியதும் அழகியதும் ஏறின. திரைக்குப் பின்னால் நன்மதிப்புப் பெற்ற ஒரு சிறிய, மலிவான அமைப்பு, கண்ணில் பட்டதும் இறங்கியது. ஒலியில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது கேட்டவர்களின் கண்ணுக்குக் கிடைத்த செய்தி மட்டுமே.

இன்னொன்று. ஒரே ஆம்ப்ளிஃபையரில் இணைத்தாலும் எல்லா ஒலிபெருக்கிகளும் ஒரே உரப்பில் ஒலிப்பதில்லை. நாம் மேலே கண்ட பி.பி.சி. பெட்டி மென்குரலாளர், கொடுத்த மின்சாரத்துக்கு ஏறத்தாழ 83 டெசிபெல் தரும். அதே மின்சாரத்துக்கு 90 டெசிபெல்லைத் தாண்டும் பெட்டிகள் பல. வெறும் 3 டெசிபெல் இடைவெளியை ஈடுகட்டவே இருமடங்கு ஆற்றல் வேண்டும். உரப்பாக ஒலிப்பதை ‘உயிரோட்டமுள்ளது’ என்று எண்ணுவது மனிதச் செவியின் இயல்பு. அன்று மாலை நண்பர் கம்பிகளை மாற்றினாரேயன்றி, ஒருமுறைகூட ஒலியளவைச் சரிசெய்யவில்லை. ஒன்பது இணைகளும் ஒன்பது இடங்களில் நின்றன. அறையின் மூலையில் நிற்பதற்குத் தாழ்ந்த ஒலிகள் பெருகும்; நடுவில் நிற்பதற்குக் குறையும். முறையாக ஒப்பிடும் ஆய்வுக்கூடத்தில், ஒவ்வோர் ஒலிபெருக்கியையும் திரைக்குப் பின்னால் ஒரே இடத்துக்கு நகர்த்தி வைக்க இயந்திரமே பொருத்தியிருக்கிறார்கள். நண்பர் ஒப்பிட்டது ஒலிபெருக்கிகளை அன்று. தம் அறையின் ஒன்பது மூலை முடுக்குகளை.

ஒப்பீட்டில் உண்மையை நாடிய முன்னோர்கள் செய்ததைப் பாருங்கள். வார்ஃப்டேல் நிறுவனத்தை உருவாக்கிய கில்பர்ட் பிரிக்ஸ் 1954ஆம் ஆண்டு இலண்டனின் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலை நிரப்பி, மேடையில் கலைஞர்களை வாசிக்கச் செய்து, அதே இசையின் பதிவை ஒலிபெருக்கியில் அடுத்தடுத்துக் கேட்கச் செய்தார். குவாட் நிறுவனத்தின் பீட்டர் வாக்கர் அவருக்குத் துணை நின்றார். அமெரிக்காவில் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் ஃபைன் ஆர்ட்ஸ் குவார்ட்டெட் என்னும் நால்வர் குழுவோடு இத்தகைய நிகழ்ச்சிகளைப் பல இடங்களில் நடத்தியது. இவர்கள் வணிகர்களே, விளம்பர நோக்கம் இல்லை என்று சொல்வதற்கில்லை. இம்முறையிலும் ஏமாற்று உண்டு. 1915 முதல் எடிசன் நிறுவனம் நடத்திய குரல்தேர்வுகளில், விளக்கணைத்த அரங்கில் பாடகி எப்போது நிறுத்தினார், இயந்திரம் எப்போது தொடங்கியது என்று மக்கள் அறியவில்லையாம். பாடகி தம் குரலை இயந்திரத்துக்கேற்ப அடக்கிப் பாடினார் என்பது பிறகு தெரிந்தது. ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. இவர்கள் எல்லாருமே பெட்டியை மனிதனின் அருகில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இன்றைய சேகரிப்பாளரோ பெட்டியைப் பெட்டியின் அருகில் நிறுத்துகிறார். இரண்டு படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால், அவற்றுள் எது நண்பரின் முகத்தை ஒத்தது என்பது எப்படி விளங்கும்? நண்பரையும் ஒருமுறை பார்க்க வேண்டாமா?

தீங்கு என்ன என்பார்க்கு

“இது ஒரு பொழுதுபோக்கு. யாருக்கு என்ன தீங்கு? அஞ்சல்தலை சேர்ப்பதைப்போல இதுவும் ஒன்று” என்று சிலர் கூறுவர். நியாயமான வாதம், விடை கூற வேண்டியதே.

முதலில், இவர்கள் செய்த நன்மையை ஒப்புக்கொள்கிறேன். திரையரங்குகள் தூக்கி எறிந்த பழைய கொம்பு ஒலிபெருக்கிகளும், வீடுகள் ஒதுக்கிய மரப்பெட்டிகளும் குப்பைமேட்டுக்குப் போகாமல் காத்தவர்கள் இவர்களே. புதியது என்பதாலேயே சிறந்தது என்னும் வணிகப் பொய்யை இவர்கள் நம்பவில்லை. 1957இல் வெளிவந்த குவாட் நிலைமின் ஒலிபெருக்கியின் தெளிவுக்கு முன் இன்றும் தலைகுனிய வேண்டிய பெட்டிகள் கடைகளில் ஏராளம். நல்லதை மதிக்கத் தெரிந்தவர்கள் இவர்கள். ஆகவேதான் இவர்களோடு வாதிடுகிறேன். மதிக்கத் தெரியாதவரோடு வாதிட்டுப் பயனில்லை.

ஆனால் தீங்கு உண்டு. அஞ்சல்தலையைச் சேர்ப்பவர் அதை ஒட்டாமல் வைத்திருப்பதால் எவருடைய கடிதமும் நின்றுபோவதில்லை. ஒலிபெருக்கியோ கேட்பதற்கென்றே உள்ள கருவி. ஒரே நேரத்தில் ஒருவர் ஓர் இணையைத்தான் கேட்க முடியும். ஒன்பதில் எட்டு எப்போதும் ஊமையாக நிற்கின்றன. இசை பயிலும் எளிய மாணவர் ஒருவர் ஒரு காலத்தில் பழைய பொருட்கடையில் வாங்கியிருக்கக்கூடிய பெட்டி, இன்று எண்ணும் பட்டையும் பார்த்து ஏலம் கேட்பவரின் அறைக்குப் போய்விடுகிறது.

இதைவிடப் பெரிய தீங்கு செவிக்கே நேர்கிறது. பெட்டியின் பெருமையைக் காட்டும் பதிவுகளை மட்டுமே கேட்கப் பழகியவர், மற்றவற்றைக் கேட்கும் பொறுமையை இழக்கிறார். என்ரிக்கோ கரூசோ 1902இல் மிலான் நகரில் முதன்முதலாகப் பாடிப் பதிவு செய்தபோது ஒலிவாங்கி இல்லை. ஒரு தகரக் கொம்புக்குள் பாடினார். மின்முறைப் பதிவு வணிகத்துக்கு வந்த 1925ஆம் ஆண்டுக்கு நான்காண்டுகள் முன்னரே அவர் இறந்துவிட்டார். அவர் பாடிய பதிவு ஒன்றுகூட இந்தப் பெட்டிகளுக்குத் ‘தகுந்த’ பதிவன்று. ஸ்டீரியோ இசைத்தட்டுப் பரவலான 1958க்கு முன் பதிவான இசையில் பெரும்பகுதியும் அப்படியே. பெட்டிக்குத் தகுதியானதையே கேட்பேன் என்று விதித்துக்கொண்டவர், கரூசோவை இழக்கிறார். தம் தாயையும் இழக்கிறார். செல்வம் சேர்க்கச் சேர்க்க உலகம் சுருங்குகிறது என்பது இங்கே உவமையன்று, நேரடி உண்மை.

மாற்றாத பெட்டியும் பேசாத பெட்டியும்

சேகரிப்பாளர் உலகில் மிகுந்த மதிப்புப் பெற்ற சொல் ‘மாற்றப்படாதது’ என்பது. உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் தொழிற்சாலையிலிருந்து வந்தவையாகவே இருக்க வேண்டும். கூம்பின் விளிம்பு அன்றிருந்ததாகவே இருக்க வேண்டும்.

ஆனால் பொருள்களுக்கு ஆயுள் உண்டு. மின்பகுபொருள் கொண்ட மின்தேக்கிகள் உலர்ந்து போகின்றன. அவற்றின் அளவு மாறும்போது ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் இடையிலான பங்கீடே மாறிவிடுகிறது. 1970களில் பரவலாகப் பயன்பட்ட நுரைப்பஞ்சு விளிம்புகள் இருபது ஆண்டு அளவில் பொடியாகி உதிர்கின்றன. விரலால் தொட்டாலே கரிபோல ஒட்டிக்கொள்ளும். புகழ்பெற்ற ஏ.ஆர். 3ஏ ஒலிபெருக்கிகள் பலவற்றின் கதி இதுதான். இவற்றைப் புதிய விளிம்பு ஒட்டிச் சீர்செய்யலாம். பொறுமையும் நுண்கையும் உள்ளவர் வீட்டிலேயே செய்யலாம். செய்தால் விலை குறையும் என்று அஞ்சிச் சிலர் செய்வதில்லை. பெட்டி பேசாவிட்டாலும் போகட்டும், ‘மாற்றப்படாத’தாக இருக்கட்டும் என்கிறார்கள்.

வடிவமைத்தவர்களுக்கு இந்தப் பற்று இருந்ததா? இல்லவே இல்லை. எல்.எஸ். 3/5 என்றிருந்ததன் உறுப்புகளில் மாறுதல் நேர்ந்ததும், அதன் மின்சுற்றைத் திருத்தி ‘ஏ’ என்னும் எழுத்தைச் சேர்த்தவர்கள் அவர்களே. உறுப்புகள் மீண்டும் மாறியபோது மின்சுற்றை மீண்டும் மாற்றி, 15 ஓமை 11 ஆக்கியவர்களும் அவர்கள் வழிவந்தவர்களே. குரல் மாறாதிருக்க வேண்டும் என்பதற்காகப் பெட்டியின் உள்ளுறுப்பை மாற்றினார்கள். சேகரிப்பாளரோ பெட்டியின் உள்ளுறுப்பு மாறாதிருக்க வேண்டும் என்பதற்காகக் குரலைக் கைவிடுகிறார். கெஃப் நிறுவனத்தில் அந்த ஊஃபரையும் ட்வீட்டரையும் வடிவமைத்த மால்கம் ஜோன்ஸ், பின்னர் தாம் நிறுவிய ஃபால்கன் அக்கூஸ்டிக்ஸ் வழியே, இந்த நூற்றாண்டில் அதே பெட்டியைப் புதிதாகச் செய்ய வழிவகுத்தார். பெற்றவரே மீண்டும் பெற்றுத் தந்ததையும் ‘அசல் அன்று’ என்று ஒதுக்குவோர் இருக்கிறார்கள் என்றால், அவர்கள் தேடுவது ஒலியையா, முதுமையையா?

செவியின் பக்கம் நின்ற ஒருவர்

இவ்விடத்தில் எட்கர் வில்ச்சர் என்பவரை நினைவுகூர வேண்டும். 1954இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தி, அலமாரி அளவு பெட்டிகள் தந்த தாழொலியைச் சிறிய பெட்டியில் வருவித்தவர். இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலையும் ஏ.ஆர். பெட்டிகள் அவருடைய கொடை. நியூயார்க் நகரின் கிராண்ட் சென்ட்ரல் இரயில் நிலையத்தில் அவருடைய நிறுவனம் ஓர் இசை அறை வைத்திருந்தது. யாரும் உள்ளே வந்து அமர்ந்து கேட்கலாம். அங்கே எதுவும் விற்கப்படுவதில்லை.

1967இல் நிறுவனத்தை விற்றபின் அவர் என்ன செய்தார்? தம் பழைய பெட்டிகளைச் சுவரோரம் அடுக்கி வைத்துக்கொண்டு ஒப்பிடவில்லை. செவித்திறன் குறைந்தவர்களுக்கான கருவியை ஆராயத் தொடங்கினார். உரத்த ஒலி வலிக்கும், மெல்லொலி கேட்காது என்பதே அவர்களுடைய துன்பம். ஒலியை உயர்வு தாழ்வு எனப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியே அடக்கியும் உயர்த்தியும் கொடுக்கும் முறையை அவர் கண்டு, 1973இல் வெளியிட்டார். இன்றைய செவிக்கருவிகளின் அடிப்படைகளுள் ஒன்று அது. அதற்கு அவர் காப்புரிமை கோரவில்லை; எவரும் பயன்படுத்தட்டும் என விட்டுவிட்டார். 2011இல் மறைந்தார்.

பெட்டியைப் படைத்தவர் பெட்டியோடு நின்றுவிடவில்லை. பெட்டிக்கு எதிரே அமர்ந்திருக்கும் மனிதச் செவியை நோக்கி நடந்தார். அவருடைய நிறுவனத்தின் பெயர் பொறித்த பெட்டிகளைச் சேர்ப்பவர்கள் ஏன் எதிர்த்திசையில் நடக்க வேண்டும்? அறுபது வயதைக் கடந்தபின் நம்முள் பலருக்கு மிக உயர்ந்த ஒலிகள் கேட்பதேயில்லை. ட்வீட்டரின் நுண்மையைப் பற்றி நள்ளிரவு வரை வாதிடும் பெரியவர்கள், ஒருமுறை தம் செவியைச் சோதித்துக்கொண்டால் அந்த வாதத்தில் பாதி அடங்கிவிடும்.

நண்பருக்கு

நண்பரே, உங்களை இழிவுபடுத்த இதை எழுதவில்லை. உங்களால்தான் நான் இந்தப் பெட்டிகளை அறிந்தேன். அவற்றை விற்றுவிடுங்கள் என்றும் சொல்லமாட்டேன். மூன்றே வேண்டுகோள்கள்.

ஒப்பிடுவதானால் கண்ணைக் கட்டி, ஒலியளவைச் சமப்படுத்தி, ஒரே இடத்தில் வைத்து ஒப்பிடுங்கள். உங்கள் பேத்தியை அடுத்த அறையில் பேசச் சொல்லி, அவள் குரலையே பதிந்து கேளுங்கள். எந்தப் பெட்டியில் அவள் அவளாக இருக்கிறாளோ, அதுவே நல்ல பெட்டி. ஊமையாய் நிற்பவற்றைச் சீர்செய்யுங்கள். சீர்செய்தவற்றுள் இரண்டொன்றை, கேட்க ஆசையும் வாங்க வசதியின்மையும் உள்ள இளையோருக்குக் கொடுங்கள். அவை மீண்டும் பேசட்டும்.

மூன்றாவது, அந்த அட்டைப்பெட்டி. நாடாவுக்கும் ஆயுள் உண்டு. பூச்சு உதிரும், உள்ளே நாடாவை அழுத்தும் சிறு பஞ்சு கழன்று விழும். ஒலிபெருக்கிக்கு விளிம்பு மாற்றலாம். உதிர்ந்துபோன குரலுக்கு மாற்று இல்லை. ஆகவே முதலில் அறிந்த ஒருவரிடம் கொடுத்துப் பிரதி எடுத்து வையுங்கள். பிறகு ஒரு மாலை, மற்ற எட்டு இணைகளின் கம்பிகளையும் கழற்றிவிட்டு, அந்தச் சிறிய பெட்டிகளை மட்டும் முன்னால் இழுத்து வைத்து, அதைப் போடுங்கள். இரைச்சல் இருக்கும். பின்னணியில் கோழி கூவும், யாரோ கிணற்றில் நீர் இறைப்பார்கள், பேருந்து ஒன்று ஒலியெழுப்பிப் போகும். நாடா தொடக்கத்தில் சற்று இழுபடவும் கூடும். அதற்கு நடுவே ஒரு குரல் உங்களைப் பெயர் சொல்லி அழைக்கும்.

ஊர்தியில் அமர்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்த அந்தப் பொறியாளர் கேட்டுக்கொண்ட கேள்வியை அப்போது நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: ‘இது அவர்தாமா?’

‘ஆம்’ என்று உங்கள் செவி சொன்னால், அந்தப் பெட்டி தன் வேலையைச் செய்துவிட்டது. அதன் வரிசை எண் எதுவாக இருந்தால் என்ன?